மிளகாய்ச் செடியின் இலை சுருள்வதும் மஞ்சளாவதும்: காரணத்தைக் கண்டறியும் முறை

தொட்டிகளில் வளரும் ஆறு காரமிளகாய்ச் செடிகளில் மூன்றின் நுனித்தளிர்கள் சுருங்கிக் கொழுந்து வளராமல் நின்றுவிட்டதாகவும், அதே செடிகளின் அடியிலைகள் மஞ்சளாகி உதிர்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே வாரத்தில் வேப்பெண்ணெய் தெளித்து, எப்சம் உப்புக் கரைசல் ஊற்றி, தழைச்சத்து (நைட்ரஜன்) உரமும் இட்டுப் பார்த்துவிட்டீர்கள், பயனில்லை. இது பூச்சியா, நோயா, சத்துக்குறையா என்பதும், இந்தச் செடிகளின் காயை உண்ணலாமா என்பதும் உங்கள் கேள்விகள்.

நீங்கள் விவரித்திருப்பது ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள் அல்ல; ஒரே செடியில் ஒரே சமயத்தில் சேர்ந்துவிட்ட இரண்டு தனிச் சிக்கல்கள் என்றே கருதுகிறேன். உச்சியில் நடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத சிலந்தியாகவோ (வலை பின்னும் சிலந்தி அன்று, தளிரின் சாற்றை உறிஞ்சும் நுண்ணுயிர்) இலைப்பேன் என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியாகவோ இருக்கும். அடியில் நடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேர்ப்பகுதியில் தேங்கிய ஈரமாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரே வாரத்தில் மூன்று மாற்றங்களைச் செய்ததால், எது பயன்பட்டது, எது கெடுத்தது என்று அறிய இப்போது வழியில்லை. ஆகவே இன்னும் பத்து நாட்களுக்கு உரம் எதையும் இட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தழைச்சத்து மிகுந்தால் செடி மென்மையான, சாறு நிறைந்த தளிர்களை விடும்; சாறு உறிஞ்சும் உயிர்கள் அத்தகைய தளிர்களையே நாடி வரும்.

இலையின் நிறமோ சுருக்கமோ தனியாக எதையும் உறுதிப்படுத்துவதில்லை. மஞ்சள் நிறத்துக்குப் பத்துக் காரணங்கள் இருக்கலாம், சுருளுக்கும் அப்படியே. மாற்றம் செடியின் எந்த இடத்தில் முதலில் தோன்றியது, ஒரு செடியில் மட்டும் தோன்றியதா எல்லாச் செடிகளிலுமா, ஓரிரு நாட்களில் வந்ததா வாரக்கணக்கில் மெல்ல வந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால், பாதிக்கு மேற்பட்ட காரணங்கள் தாமாகவே விலகிவிடும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மண்ணிலும் ஒரே நீரிலும் வளரும் ஆறு செடிகளில் மூன்று மட்டும் பாதிக்கப்பட்டிருப்பது, உச்சியைப் பொறுத்தவரை, பரவும் ஓர் உயிரையே சுட்டுகிறது. மண்ணிலோ நீரிலோ குறை இருந்தால் ஆறும் ஏறக்குறைய ஒரே அளவில் துன்பப்பட்டிருக்கும்.

உச்சிக்கு வருவோம். காலை வெளிச்சத்தில், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, சுருங்கிய தளிர் ஒன்றைக் கிள்ளி, அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். லென்ஸைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, இலையைத்தான் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். விரிந்த பெரிய இலைகளில் தேடிப் பயனில்லை. இன்னும் விரியாத, நகத்தின் அளவுகூட இல்லாத இலைகளும் பூமொட்டின் காம்புமே பார்க்க வேண்டிய இடங்கள். நடுநரம்பின் இரு பக்கமும் வெளிர்மஞ்சள் நிறத்தில், நீர்த்துளி போல் பளபளக்கும் மிகச் சிறிய புள்ளிகள் நகர்ந்தால் அது மஞ்சள் முரணைச் சிலந்தி. அதன் நீளம் சுமார் 0.2 மி.மீ. மட்டுமே. ஆண் சிலந்தி, இன்னும் முதிராத பெண்ணைத் தன் உடலின் பின்பகுதியில் தூக்கிக்கொண்டு ஓடுவதையும், ஒளி ஊடுருவும் நீள்வட்ட முட்டைகளின் மேல் வெண்ணிறப் புடைப்புகள் வரிசையாக இருப்பதையும் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் காணலாம். முட்டையைக் கண்டுவிட்டால் ஐயத்துக்கு இடமே இல்லை, ஏனெனில் மிளகாய் இலையில் அப்படிப்பட்ட முட்டை வேறு எதற்கும் இல்லை.

இந்தச் சிலந்தி தாக்கிய இலை ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கிக் கவிழ்த்த படகு போல் ஆகிவிடும். இலை குறுகி, கடினமாகி, அடிப்புறம் வெண்கல நிறத்தில் மினுமினுக்கும். இலைக்காம்பு மட்டும் இயல்பை மீறி நீண்டுவிடும். பிறகு கொழுந்தே கருகி, மொட்டுகள் உதிரும். சிலந்தி உறிஞ்சும்போது செலுத்தும் பொருள் தளிரின் வளர்ச்சியைக் குலைப்பதால், நூறு சிலந்திகள் வேண்டியதில்லை, மிகச் சிலவே ஒரு கொழுந்தை உருக்குலைக்கப் போதும். வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்த நாட்களில் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. வெள்ளை ஈயின் கால்களைப் பற்றிக்கொண்டு இவை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குப் பயணம் செய்கின்றன. ஆதலால் வெள்ளை ஈ இருக்கும் இடத்தில் சிலந்தியையும் தேட வேண்டும்.

இலைப்பேன் தாக்கினால் சுருள் எதிர்த்திசையில் வரும். இலையின் இரு ஓரங்களும் மேல்நோக்கி எழுந்து, இலை தோணி போல் குழிந்துவிடும். நரம்புகளை ஒட்டி வெள்ளி போன்ற அல்லது பழுப்பு நிறக் கீறல்கள் தெரியும். இலைப்பேன் ஏறத்தாழ 1 மி.மீ. நீளமுள்ளது, மஞ்சள் அல்லது பழுப்பு நிறமானது, விரைவாக ஓடி மறைவது. இதை இலையில் தேடுவதைவிட, ஒரு வெள்ளைத் தாளைத் தளிரின் கீழ்ப் பிடித்துக்கொண்டு, தளிரை விரலால் நாலைந்து முறை தட்டிவிட்டு, தாளில் விழுந்த தூசியை அரை நிமிடம் உற்றுப் பார்ப்பது எளிது. தூசி அசையாது, இலைப்பேன் மெல்லிய கோடு போல நகரும். மேல்நோக்கிய சுருள் என்றால் இலைப்பேன், கீழ்நோக்கியது என்றால் சிலந்தி என்ற இந்த ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் ஒரே செடியில் சேர்ந்திருப்பது அரிதன்று என்பதால், திசையை மட்டும் நம்பி லென்ஸைக் கைவிட வேண்டாம். கடும் வெயிலில் மிளகாய் இலை நீரிழப்பைக் குறைக்கத் தானாகவே மேல்நோக்கிச் சற்றுக் குவியும்; மாலையில் அது மீண்டும் விரிந்துவிட்டால் எந்தப் பூச்சியையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியைக் கண்டறிவதில் சிரமம் இல்லை. தளிரின் அடியில் பச்சை, மஞ்சள் அல்லது கறுப்பு நிறத்தில் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும். அது கழிக்கும் தேன் போன்ற பிசுபிசுப்பைத் தேடி எறும்புகள் ஏறும். அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரும்பூசணம் படியும். செடியில் எறும்பு வரிசையைக் கண்டால் அது செல்லும் வழியிலேயே சென்று பாருங்கள், அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும். செஞ்சிலந்தி முரணைச் சிலந்திக்கு நேர்மாறானது. அது வறண்ட வெப்பத்தை விரும்பும், முதிர்ந்த இலைகளில் தொடங்கும், ஊசியால் குத்தியது போன்ற வெளிர்ப் புள்ளிகளை இலையின் மேற்புறத்தில் உண்டாக்கும், முற்றிய நிலையில் நூலாம்படை கட்டும்.

இவ்விடத்தில், லென்ஸைப் புதிதாகக் கையில் எடுப்போரை அச்சுறுத்தும் சில பொய்த்தோற்றங்களையும் சொல்லிவிட வேண்டும். இலையின் அடிப்புறத்தில் நடுநரம்பிலிருந்து கிளைநரம்பு பிரியும் மூலையில் சிறு மயிர்க்குச்சம் ஒன்று பல மிளகாய் வகைகளில் இயற்கையாகவே இருக்கும். அது பூச்சிக்கூடு அன்று. தீய சிலந்திகளைத் தின்னும் நல்ல சிலந்திகள் தங்குமிடமாக அதைப் பயன்படுத்துகின்றன. இளஞ்செடிகளின் இலையடியில் சர்க்கரைத் துகள் போன்ற நிறமற்ற மணிகள் தோன்றுவதும் உண்டு. அவை முட்டைகள் அல்ல, இலை கசியவிட்ட நீர்மம் உறைந்தது, விரல் பட்டால் உதிர்ந்துவிடும். நடுநரம்பை ஒட்டிச் சொரசொரப்பான சிறு கொப்புளங்கள் எழுந்து பின்னர்த் தக்கை போல் பழுப்பாகிவிட்டால், வேர் உறிஞ்சிய நீரை இலை ஆவியாக்க முடியாமல் திணறியிருக்கிறது என்று பொருள். நீரைக் குறைத்துக் காற்றோட்டம் தந்தால் புதிய இலைகளில் அது வராது. சில காரமிளகாய் வகைகளின் இலை இயல்பிலேயே சுருக்கம் நிறைந்தது. கணுக்களிலும் நரம்புகளிலும் ஊதா நிறம் படர்வது பல வகைகளின் பிறவிக்குணம்.

தளிர்ச் சுருளில் எல்லோரும் அஞ்சுவது வைரஸை. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் தாக்கிய செடியில் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, தடித்து, நரம்புகளுக்கிடையே புடைத்து, ஓரங்கள் மஞ்சளாகும்; கணுவிடை குறுகி, செடி துடைப்பம் போல் அடர்ந்து குட்டையாக நின்றுவிடும். அசுவினி பரப்பும் தேமல் வைரஸிலும், தொடுகையாலும் விதையாலும் பரவும் புகையிலைத் தேமல் வைரஸிலும் இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து தெரியும். வைரஸுக்கு மருந்து இல்லை. ஆனால் முரணைச் சிலந்தி தாக்கிய செடியை வைரஸ் என்று தவறாக முடிவு செய்து பிடுங்கி எறிபவர்கள் மிகப் பலர். நானும் ஒரு முறை, இரண்டு ஆண்டுகள் வளர்ந்த ஒரு செடியை அப்படிப் பிடுங்கிய பிறகு, வெட்டிப் போட்ட தளிரை லென்ஸில் பார்த்தபோதுதான் அது முழுவதும் சிலந்தி என்பதைக் கண்டேன். அந்த வருத்தத்தால்தான், பார்ப்பதற்கு முன் பிடுங்காதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டையும் பிரித்தறிய உறுதியான சோதனை ஒன்று உண்டு. அதற்கு வேண்டியது பொறுமை மட்டுமே. ஐயத்துக்குரிய செடியைத் தனியாக எடுத்து வையுங்கள். உருக்குலைந்த கொழுந்துகள் அனைத்தையும், நல்ல இலை தொடங்கும் கணுவுக்கு மேலே வெட்டி, உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். சிலந்திக்கான மருத்துவத்தை முறையாகச் செய்யுங்கள். மூன்று அல்லது நான்கு வாரங்களில் கணுக்களிலிருந்து வரும் புதுத்தளிர் தட்டையாகவும் பளபளப்பாகவும் விரிந்தால் அது சிலந்தியே. பூச்சி எதுவும் இல்லாத நிலையிலும் புதுத்தளிர் மீண்டும் சுருண்டும் தேமலோடும் வந்தால் அது வைரஸ். அப்போது செடியை எடுத்துவிடலாம். ஏற்கெனவே சுருண்ட இலை எந்த மருந்தாலும் நிமிராது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய இலையைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று மேலும் மேலும் தெளிப்பதே பல செடிகளைக் கொல்கிறது.

இனி உங்கள் செடியின் அடியிலைகள். தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய தளிருக்குக் கொண்டுசெல்ல முடியும். ஆதலால் இவை குறைந்தால் அடியிலை முதலில் வாடும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), போரான் போன்றவற்றை அவ்வாறு எளிதில் இடம் மாற்ற முடியாது. ஆதலால் இவை குறைந்தால் உச்சித்தளிர் முதலில் காட்டும். அடியிலை நரம்பும் சேர்ந்து முழுவதுமாக ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியக் குறை. ஓரம் மட்டும் மஞ்சளாகித் தீய்ந்தால் சாம்பல்சத்து. அதே பச்சை நரம்பு, மஞ்சள் இடைப்பகுதி என்ற கோலம் உச்சித்தளிரில் வந்தால் இரும்பு. எப்சம் உப்பு மெக்னீசியக் குறைக்கு மட்டுமே மருந்து. தேவையில்லாமல் ஊற்றப்படும் மெக்னீசியம் செடி சுண்ணாம்புச்சத்தை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும்; அதன் விளைவாகக் காயின் நுனி அழுகும்.

இரும்பைப் பற்றி இன்னும் ஒரு சொல். தொட்டி மண்ணில் இரும்பு உண்மையாகவே இல்லாமல் போவது அரிது, மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) உயர்ந்து, இருக்கும் இரும்பைச் செடி எடுக்க முடியாமல் போவதே வழக்கம். மிளகாய்க்கு 6.0 முதல் 6.8 வரையிலான பி.எச். ஏற்றது. கடின நீரை மாதக்கணக்கில் ஊற்றி வந்தால் அது 7.5-ஐயும் கடந்துவிடலாம். அந்நிலையில் இரும்பு உரத்தை அள்ளிப் போடுவதைவிட, மழைநீரைப் பிடித்து ஊற்றுவதும், கார மண்ணிலும் கரையும் கொடுக்கிணைப்பு (கீலேட்) இரும்பைப் பயன்படுத்துவதும் பலன் தரும். வேர் நீரில் மூழ்கியிருந்தாலும் இரும்புக்குறையைப் போன்ற தோற்றமே வரும்.

உங்கள் செடிகளில் அடியிலை முழுவதுமாக மஞ்சளாகிறது, தொட்டால் உதிர்கிறது, மண் நாள்தோறும் நனைக்கப்படுகிறது என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதால், சத்துக்குறையை எண்ணுவதற்கு முன் நீரைப் பாருங்கள். மிளகாயின் வேருக்கு நீரைப் போலவே காற்றும் தேவை. மண்ணின் நுண்துளைகள் எப்போதும் நீரால் நிறைந்திருந்தால் வேர் மூச்சுத்திணறி, சத்தை எடுக்க இயலாமல் போகும். உரம் நிறைந்த தொட்டியிலேயே செடி பட்டினி கிடப்பது இப்படித்தான். விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் செலுத்திப் பார்த்து, அங்கே ஈரம் இருந்தால் அன்று நீர் ஊற்ற வேண்டாம். அதைவிட நம்பத்தக்கது தொட்டியின் எடை. நன்றாக நனைத்து வடிந்த பின் ஒரு முறையும், இலை சற்றே தளரத் தொடங்கும்போது ஒரு முறையும் தூக்கிப் பார்த்துவிட்டால், அதன் பிறகு கைக்கே அந்த அளவு தெரிந்துவிடும். ஒரு செடியைத் தொட்டியிலிருந்து மண்கட்டியோடு சரித்து எடுத்து வேரையும் பாருங்கள். வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தால் நலம். பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் கையோடு உருவி வந்து நடுநார் மட்டும் நின்றால் வேரழுகல்.

தளர்ந்து தொங்கும் செடியைக் கண்டதும் நீர் ஊற்றுவது இயல்பான செயல்தான், ஆனால் பல வேளைகளில் அதுவே தவறு. மண் காய்ந்து செடி தளர்ந்திருந்தால் நீர் வேண்டும். மண் ஈரமாக இருந்தும் தளர்ந்திருந்தால் வேர் வேலை செய்யவில்லை, நீர் மேலும் கெடுக்கும். நண்பகலில் தளர்ந்து மாலையில் நிமிர்வது கவலைக்குரியதன்று. இலை பச்சையாக இருக்கும்போதே இரண்டு மூன்று நாட்களில் செடி முழுவதும் சரிந்து, மறுநாள் காலையிலும் நிமிராவிட்டால், தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போன்ற வெண்ணிற இழை நீரில் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அச்செடியையும் அதன் மண்ணையும் அகற்றிவிட வேண்டும்.

நீங்கள் புள்ளிகளைப் பற்றி எழுதவில்லை என்றாலும், ஈரமான நாட்களில் அவை தோன்றக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய் ஊறியது போன்ற சிறு கரும்புள்ளிகள் தோன்றி, பழுப்பாகி, இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பாக்டீரியா இலைப்புள்ளி. இது விதை வழியாக வரும், தெறிக்கும் நீரால் பரவும். இலையை நனைக்காமல் மண்ணில் நீர் ஊற்றினாலே பாதி அடங்கும். வட்டப் புள்ளியின் நடுவே வெளுத்து, ஓரம் கருமையாக, தவளையின் கண் போலத் தெரிந்தால் அது செர்க்கோஸ்போரா என்னும் பூசணம். மேற்புறத்தில் மங்கலான மஞ்சள் திட்டும், அதற்கு நேர் கீழே அடிப்புறத்தில் வெண்தூளும் இருந்தால் சாம்பல் நோய். மிளகாயில் இது இலையின் திசுவுக்குள்ளேயே வளர்வதால், மேற்புறத்தில் மட்டும் பார்ப்பவர்களுக்குப் பிடிபடுவதில்லை. நோயின்றியும் புள்ளி வரும். நிழலில் வளர்ந்த செடியை ஒரே நாளில் முழு வெயிலுக்கு மாற்றினால் இலையில் வெளுத்த காகிதம் போன்ற திட்டுகள் எழும். 7 முதல் 10 நாட்கள் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கினால் இது நேராது. நண்பகலில் எண்ணெய் தெளித்தாலும் இலை தீயும். துளிகள் வழிந்து நின்ற இலைநுனியிலும் குழிவிலும் தீய்ப்பு மிகுந்திருப்பதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம்.

இன்னொரு காரணத்தைப் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. அது களைக்கொல்லி. 2,4-டி போன்ற ஹார்மோன் வகைக் களைக்கொல்லியின் துளி காற்றில் மிதந்து வந்து பட்டால், புதிய இலைகள் நாடா போல் குறுகி, நரம்புகள் இணையாக ஓட, நுனிகள் முறுக்கிக்கொள்ளும். பார்ப்பவர் வைரஸ் என்றே நினைப்பார். அமினோபைராலிட் என்னும் களைக்கொல்லி தெளித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணத்திலும் அது சிதையாமல் தங்கி, மட்கிய உரத்தின் வழியே தொட்டிக்கு வந்து சேர்வதுண்டு. உங்கள் ஆறு செடிகளில் பாதிக்கப்பட்ட மூன்றுக்கு மட்டும் புதிய தொழு உரம் இட்டிருந்தீர்களா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். இட்டிருந்தால், அந்த உரத்தை ஒரு தனித் தொட்டியில் நிரப்பி நாலு பயறு அல்லது அவரை விதையை ஊன்றுங்கள். இந்த நஞ்சுக்கு மிக எளிதில் ஆளாகும் இனம் அது; முளைத்து வரும் இலை முறுக்கிக்கொண்டால் காரணம் தெரிந்துவிடும்.

லென்ஸில் சிலந்தியைக் கண்டுவிட்டீர்கள் என்று கொண்டு, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சிலந்தி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று, எட்டுக்கால் உயிர். எனவே பூச்சிக்கொல்லிகள் பல அதன் மேல் வேலை செய்வதில்லை. மாறாக, அதைத் தின்னும் நல்ல சிலந்திகளையும் பொறிவண்டுகளையும் கொன்று, அதன் பெருக்கத்துக்கே வழிவிடுகின்றன. முரணைச் சிலந்திக்குப் பழமையும் பயனும் மிக்க மருந்து நனையும் கந்தகத் தூள். 80 சதவீதத் தூளாயின் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கலந்து, உறையில் உள்ள அளவையும் சரிபார்த்து, கொழுந்தின் அடிப்புறம் முழுவதும் நனையுமாறு மாலையில் தெளித்து, 7 நாள் இடைவெளியில் மேலும் இரண்டு முறை தெளிக்க வேண்டும். ஆனால் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைக் கடந்த நாட்களில் கந்தகம் இலையைத் தீய்க்கும். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளித்தாலும் அதே கேடுதான். நீங்கள் வேப்பெண்ணெய் தெளித்து ஒரு வாரமே ஆகியிருப்பதால், இப்போதைக்குக் கந்தகத்தை எடுக்காதீர்கள். கெட்ட கொழுந்துகளை வெட்டிவிட்டு, பொட்டாசியம் சோப்புக் கரைசலை மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை தளிரின் அடியில் படுமாறு தெளித்து வாருங்கள். இரண்டு வாரம் கடந்ததும் கந்தகத்துக்கு மாறலாம். நலமாக உள்ள மூன்று செடிகளின் கொழுந்தையும் லென்ஸில் பார்த்துவிடுங்கள். சிலந்தி முதலில் வரும், சுருள் பல நாள் கழித்தே வரும்.

தாளில் விழுந்தது இலைப்பேன் என்றால் வேப்பெண்ணெய் போதுமானதாக இருக்கலாம். லிட்டருக்கு 5 மி.லி. எண்ணெயும், அது நீரில் கலப்பதற்குச் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து, 5 நாளுக்கு ஒரு முறை தெளிக்க வேண்டும். இலைப்பேனின் கூட்டுப்புழு நிலை பெரும்பாலும் மண்ணிலும் உதிர்ந்த சருகிலும் கழிவதால், இலையில் ஒரு முறை தெளித்ததோடு நிறுத்தினால் மண்ணிலிருந்து அடுத்த கூட்டம் ஏறி வரும். தொட்டியின் மேல்மண்ணில் கிடக்கும் சருகையும் அகற்றிவிடுங்கள்.

அடியிலைக்கு நான் சொல்லும் மருத்துவம், மண் காயும் வரை நீரை நிறுத்துவது, தொட்டியின் வடிகால் துளை அடைபட்டிருந்தால் திறந்துவிடுவது, தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுவது ஆகிய மூன்றுதான். இட்ட உரத்தின் உப்பு மண்ணின் மேல் வெண்ணிறப் படலமாகத் தெரிந்து, இலைநுனிகளும் தீய்ந்திருந்தால், மண் ஒரு முறை காய்ந்த பிறகு, தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீரை மெல்ல ஊற்றி, உப்பு அடியில் வடிந்து போகுமாறு கழுவி, மீண்டும் காய விடலாம். புதிய இலைகள் நல்ல பச்சையோடு விரியத் தொடங்கிய பிறகு உரத்தைப் பாதி அளவில் தொடங்குங்கள். காய் பிடித்த செடியில் மிக அடியில் உள்ள ஓரிரு பழைய இலைகள் மஞ்சளாவது முதுமையே.

காயை உண்பது பற்றிய கேள்விக்கு விடை எளிது. மிளகாயைத் தாக்கும் வைரஸும் சிலந்தியும் மனிதரைத் தாக்குவதில்லை. சிலந்தி தாக்கிய காயின் தோல் பழுப்பாகிச் சொரசொரப்பாக இருந்தாலும் உண்பதற்குத் தடை இல்லை. வேப்பெண்ணெயோ கந்தகமோ சோப்போ தெளித்திருந்தால் நன்றாகக் கழுவிக்கொண்டால் போதும். ஆனால் இதற்கு முன் எப்போதாவது செடிக்குள் ஊடுருவும் வகைப் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தியிருந்தால், அது காயின் சதைக்குள்ளும் இருக்கும், கழுவினால் போகாது. அதன் உறையில் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாட்கள் கழியும் வரை பழுக்கும் காய்களைப் பறித்து அப்புறப்படுத்திவிடுங்கள். அந்த மருந்து மிளகாய்க்கு என்று உறையிலேயே குறிக்கப்படாத ஒன்றாக இருந்தால், இந்தச் செடியில் இப்போது இருக்கும் காய்களை உண்ண வேண்டாம்.